ஜாஸ் ஆல்பத்தில் உறுமி

பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்தவன், மடியிலிருந்த ஹெல்மெட்டை ஓயாமல் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, அந்த ஜாஸ் ஆல்பத்துல உறுமியில நான் அடிச்சது சாவு வீட்டு அடி.”

பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். “அலமாக்! ஏன்டா?”

“ரெக்கார்டிங்குல வேகமா ஏதாச்சும் அடின்னாங்க, கை அதுக்குத்தான் போச்சு. இப்ப அதுல சாக்ஸபோன் வாசிச்ச சீனப் பையன், சனிக்கிழமை அவன் கல்யாணத்துல பொண்ணு உள்ள வரும்போது அதைத்தான் போடப் போறானாம்.”

“சொல்லிடு லா.”

“சொன்னா ஆல்பத்துலேருந்தே தூக்கிடுவாங்க. அந்த ஒரு பாட்டுலதான் என் பேரு இருக்கு.”

“அப்ப விடு. அங்க யாருக்குத் தெரியப் போகுது?”

விரல்கள் நின்றன.

“எங்கம்மாவும் வர்றாங்கண்ணே. அப்பாவ எடுத்தப்ப அதே அடிதான் அடிச்சாங்க.”