கம்ப்யூட்டர் வாங்கித் தராத டீ

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆம்பூர் சதுரங்க மன்றத்தின் சாமுவேல் அவர்களே! தோல் வாசனையோடும் தோழமையோடும் வந்து நிறைந்திருக்கும் பெரியோர்களே! ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி, உலை வைக்கவும் போகாமல் நேரே இங்கு வந்தமர்ந்த தாய்மார்களே! அனைவருக்கும் இந்த அந்தோணியின் வணக்கம்.

நான் படிக்கத் தெரியாதவன். பார்த்ததை மறக்கவும் தெரியாதவன்.

போன வருஷம், இதே மைதானம். மனிதனுக்கும் கம்ப்யூட்டருக்கும் செஸ் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டியதும் வந்தது கூட்டமா? கடலா? ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வேக்காரர்கள் வந்தார்கள். குதிரை எப்படித் தாவும் என்று தெரியாதவர்களும் வந்தார்கள். பஜார் டீக்கடையில் காலமெல்லாம் மனிதனோடு மனிதன் ஆடினானே, அப்போது எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஆட்டம் பார்க்கவா வந்தோம், ஐயா? ஓர் ஆள் விழுவதைப் பார்க்க வந்தோம்!

அந்த ஆள் சத்தார் பாய். டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிறவர். பஜாரில் அவரை வென்றவர்கள் ரொம்பக் கம்மி. அந்த டீக்கடைச் சதுரங்கப் பலகைக்கு ஒரு வழக்கம் உண்டு. வென்றவர் தோற்றவருக்கு டீ வாங்கித் தர வேண்டும். அதைக் குடித்து முடிக்கும்வரை இருவரும் எழக்கூடாது. கசப்போடு கலையாமல் இருக்கக் கடைக்காரர்கள் கட்டிய கண்ணியம் அது!

அன்று பாய் போராடினார், போராடினார், கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்து வைத்தார். கம்ப்யூட்டர் திரை மின்னியது. கைதட்டினோம். யாருக்கு? காதே இல்லாத இயந்திரத்துக்கு!

பாய் எழவில்லை. பழக்கம், ஐயா, பழக்கம். டீ குடிக்காமல் எழுந்து அவருக்குப் பழக்கமில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "இன்னா பாய், கம்ப்யூட்டர் டீ சொல்லிக்கீதா?"

மைதானமே சிரித்தது. இப்போது சிரிக்கிறீர்களே, இதே சிரிப்புத்தான். பாயும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு மெல்ல எழுந்து நம் தலைவரிடம் சொன்னார்: "அதுக்குத் தெரியாது சாமுவேலு, வுடு. இங்க இத்தினி பேர் இருக்கீங்களே."

அன்றோடு ஆட்டத்தை விட்டார். கடை வழியே சைக்கிளில் போவார், நிற்கமாட்டார். கூப்பிட்டால் வேலை ஜாஸ்தி என்பார். இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. வெல்லட்டும், ஆயிரம் முறை வெல்லட்டும்! அதற்குத் தாகம் தெரியாது. தாகம் தெரிந்த நமக்கு என்ன வந்தது?

இன்று அதே இயந்திரத்தோடு நர்ஸ் சுந்தரி ஆடப் போகிறார். "தோத்துருவேன்னு தெரியும் தாத்தா, ஆடிப் பாக்கறேன்" என்றார். ஆடட்டும். அவர் ராஜாவைச் சாய்க்கும்போது, கைதட்டல் எழுமுன்னே ஒரு கை டீ கிளாஸோடு நீளட்டும்.

அதோ, மைதானத்து கேட் அருகே ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். ஸ்டாண்ட் போடவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், போய்விடுவார்.

பாய், உங்கள் டீ ஒரு வருஷம் தாமதமாகிவிட்டது. அந்த ஒரு வருஷத்தை எங்களால் திருப்பித் தர முடியாது. எனக்கென்று மேடையில் வைத்த டீ இதோ, இன்னும் வாய் வைக்கவில்லை. எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். ஸ்டாண்டை மட்டும் போடுங்கள்.

இதுவரை கேட்டிருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி. கொஞ்சம் வழி விடுங்கள், டீ சிந்திவிடும். வணக்கம்.