சித்திரையில் ஈரம்

இந்த அறையில் எதிரொலி கொஞ்சம் அதிகம், மேடம். ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்றும் தரையில் ஒரு ஜமுக்காளமும் போட்டால் சரியாகிவிடும். நீங்கள் பதிவு செய்வதைப் பின்னால் கேட்கிறவர்களுக்குச் சிரமமாக இருக்கக் கூடாதே என்றுதான் சொன்னேன்.

என் பெயர் இசக்கிராஜா. சங்கரன்கோவிலில் இருபத்தாறு வருஷமாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் என் ஸ்பீக்கர்தான். விழி என்று ஊரே சொல்கிற வேல்விழி, என் மனைவி கனகலட்சுமியின் தங்கை. இங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறதென்று பன்னிரண்டு வயதிலேயே எங்களோடு வந்துவிட்டாள். கனகம் மொட்டை மாடியிலிருந்து விழுந்து இறந்தபோது அவளுக்குப் பதினாலு.

அதன் பிறகும் அவளை என் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தேன். என் அம்மா அப்போது உயிரோடு இருந்தார்கள், அதனால் யாரும் தப்பாகப் பேசவில்லை. “மனைவி போன பிறகும் கொழுந்தியாளை மகள் மாதிரி வளர்க்கிறார்” என்றுதான் பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் காரணம் அது மட்டுமல்ல. கனகம் விழுந்த சமயத்தில் விழி எங்கே நின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைக் கண்ணுக்கு எதிரில் வைத்துக்கொள்வது நல்லது.

அவள் ரொம்ப நாள் யாரோடும் அதிகம் பேசவில்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான் ராப் ஆரம்பித்தாள். ஜாய்ஸ் என்று ஒரு தோழி. அவள்தான் கம்ப்யூட்டரில் இசை கோப்பாள். இவள் எழுதிப் பாடுவாள். தென்காசியில் ஒரு போட்டியில் இவள் மூச்சு விடாமல் பாடியதை யாரோ போனில் எடுத்துப் போட, லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். சென்னையிலிருந்து பேசினார்கள். முதல் பாட்டை முறையாக வெளியிடுவதென்று முடிவானது. மைக் வாங்கிக் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு யூடியூபில் வருவதாக இருந்தது. புதன்கிழமை மத்தியானம் நான் ஸ்பீக்கர் செட் வைத்திருக்கும் குடோனுக்கு வந்தாள். பெரிய ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். போனை மிக்சரில் சொருகினேன். பாட்டின் பெயர் ‘ஈரம்’.

*வழுக்கி விழுந்தான்னு ஊரெல்லாம் பேச்சு
மழையில்லாச் சித்திரையில தர எப்படி ஈரமாச்சு?*

முடிந்ததும், “எப்படி இருக்கு அத்தான்?” என்றாள்.

“பாஸ் சத்தம் கொஞ்சம் கூட இருக்கு” என்றேன்.

“கொறைக்கச் சொல்லுதேன்.” என் முகத்தையே பார்த்தாள். “ஜாய்ஸ்ட்ட இது சும்மா கதைன்னுதான் சொல்லியிருக்கேன். எங்கம்மாவுக்கும் தெரியாது. வெள்ளிக்கெழம வரைக்கும் நேரம் இருக்கு அத்தான். நீங்களே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிட்டா, பாட்ட எடுத்திருதேன்.”

“சின்னப் பிள்ள நீ. எதையாச்சும் பாத்திருப்ப, தப்பா வெளங்கியிருப்ப.”

“எட்டு வருசமா நானும் அப்படித்தான் நெனச்சுப் பாத்தேன். முடியல.”

கோபமாகச் சொல்லவில்லை, மேடம். சத்தமில்லாமல்தான் சொன்னாள். எட்டு வருஷம் என் கையால் சாப்பாடு வாங்கித் தின்ற பிள்ளை என்னிடம் கெடு வைத்துப் பேசியது எனக்கு வருத்தமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் குடோன் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அவள் வெளியீட்டு விழாவுக்காக அங்கே வந்துதான் பாடிப் பழகுவாள். மைக்கையும் ஸ்பீக்கரையும் சாமி மாதிரி நினைப்பவள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஆம்பிளிஃபயரில் நான் செய்த வேலையை உங்கள் எலக்ட்ரீசியன் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் என் செட்டில் யாருக்கும் சின்ன ஷாக் கூட அடித்ததில்லை. அவ்வளவு கவனமாக வேலை செய்கிறவன்.

அவள் மைக்கைப் பிடித்தபோது நான் டீக்கடையில் இருந்தேன். டீ முடித்துவிட்டுத்தான் போனேன்.

விபத்து என்றார்கள். ஜாய்ஸ் வந்து அழுதாள். அவளிடம் சொன்னேன்: “பிள்ளையே போயிட்டா, பாட்டு எதுக்கும்மா? எடுத்திரு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாஸ்வேர்டு அவகிட்டதான் இருந்துச்சு அண்ணாச்சி. நேரம் குறிச்சு வச்சிட்டா. அதுவா வந்திரும்” என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் உடலை எடுத்தோம். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆறு மணிக்கு ஒரு போனில் அவள் குரல் வந்தது. பிறகு இன்னொன்றில். ஒன்றுக்கொன்று நொடி தள்ளி, கூடம் முழுக்க அவள். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். அது பொய்யில்லை.

அதற்கப்புறம் ஊரில் அந்தப் பாட்டு இல்லாத இடம் கிடையாது. மினிபஸ்ஸில், தறிக்கூடத்தில், பூக்கடையில் எல்லாம் அதுதான். தாளத்துக்கு ஆடினார்களே தவிர, வார்த்தையை யாரும் நின்று கேட்கவில்லை. அவ்வளவு வேகமாகப் பாடியிருந்தாள். வேறு பாட்டுப் போட்டால் கல்யாண வீட்டுக்காரர்களே வந்து கேட்பார்கள்: “அண்ணாச்சி, நம்ம புள்ள பாட்டப் போடுங்க.” நானே போட்டேன். என் ஸ்பீக்கர் பெட்டியில், என் கையால். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அவள் மூச்சு வாங்குவது கேட்கும். பதிவில் அது இல்லை என்று ஜாய்ஸ் சொன்னாள். வயரை மாற்றிப் பார்த்தேன், பெட்டியை மாற்றிப் பார்த்தேன். கேட்கத்தான் செய்தது.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். என் மாமியார் ஆறுமுகத்தாய், புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் காய் பிரிக்கிறவர். பதினாறாம் நாள் முடிந்தும் ஊருக்குப் போகவில்லை. “ரெண்டு பிள்ளையும் இருந்த வீடு, இங்கனயே இருக்கேன்” என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. தினமும் சாயங்காலம் வேல்விழியின் போனை மடியில் வைத்துக்கொண்டு பாட்டைப் போடுவார்.

“ஒண்ணும் வெளங்கல மருமவனே. ரயிலு மாதிரி ஓடுதா. எம்பிள்ள என்ன சொல்லுதா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். சில இடங்களில் மாற்றித்தான் சொன்னேன். அக்காவை நினைத்து ஏங்குகிறாள், அக்கா கால் வழுக்கியதைச் சொல்லி அழுகிறாள் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாளும் போடுவார். அதே வரியில் நிறுத்துவார். “இங்கன இன்னொருக்கா.” இப்படியே மூன்று மாசம். என்னுடைய வார்த்தையையும் அவள் வார்த்தையையும் எதிரெதிரே வைத்துத் தினமும் சரிபார்த்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்தானே என்று இருந்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் போனை எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, அவராகவே சொன்னார். பாடவில்லை, சொன்னார். நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்துப் பிசகாமல்.

*கீழ நின்னேன் நான் பள்ளிக்கூடச் சட்டையில
ரெண்டு கையப் பாத்தேன் எங்கக்கா முதுகுல*

பிறகு என்னைப் பார்த்தார். பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“ரெண்டு கையாலயுமா தள்ளுனிய?”

“இல்ல அத்தே” என்றேன். “ஒரு கைதான்.”

அவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கினார். வேகமாகவும் நடக்கவில்லை. நான் பின்னாலேயே வந்தேன். இந்த ஸ்டேஷன் வாசல் வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

என்ன நடந்தது என்று கேட்டீர்கள். கனகம் அன்றைக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு புளியங்குடிக்கே போய்விடுவதாக இருந்தாள். எப்போதாவது கனகத்தை அடிக்க என் கை நீண்டிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக யாராவது குடும்பத்தை உடைப்பார்களா? மாடியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். என்னுடைய சட்டைகளை மட்டும் கொடியிலேயே விட்டிருந்தாள். தள்ளினேன். கீழே போவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். தங்கையையும் நான்தான் கொன்றேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பாட்டில் ஒரு தப்பு இருக்கிறது, மேடம். கீழே நின்ற சின்னப் பிள்ளைக்கு அது அப்படித் தெரிந்திருக்கும். நான் தள்ளியது வலது கையால் மட்டும்தான். இடது கை அவளைப் பிடிக்கத்தான் நீண்டது.