தேசம்மா இறங்கின படிக்கட்டு

நாளைக்குக் காலையில அதிகாரிங்க நம்ம பகுதிக்கு வர்றாங்க. புது வீட்டோட வரைபடத்தை விரிச்சு, "உங்களுக்கு என்ன வேணும்?"னு கேக்கப் போறாங்க. சந்தோஷம்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை இருக்கு, அதைக் கேட்டுட்டுப் போங்க. மைக்கைக் கொஞ்சம் ஏத்தி வைப்பா... பின்னாடி நிக்கிற அக்காங்களுக்கும் கேக்கணும்.

ஒரு கால்வாய்க் கரை. நம்மள மாதிரியே குடிசைங்க. அங்க தேசம்மான்னு ஒரு அம்மா. மீன் வித்தே பையனை ஆளாக்கினவங்க. பையன் பேரு எத்திராஜ், ஆட்டோ ஓட்டுறான். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. மழை வந்து குடிசைக்குள்ள தண்ணி ஏறும்போதெல்லாம் சொல்லுவாங்க... "டேய், வாழ்ந்ததுதான் இந்தச் சாக்கடையில வாழ்ந்துட்டேன். போறப்ப சொந்த வூட்டுலருந்து, மகாராணி மாதிரி படுக்க வெச்சுத் தூக்கிக்கினு போடா!"

இது பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்க... பெரிய ஆசையா?

அரசாங்கம் பணம் ஒதுக்குச்சு. குடிசை இருந்த இடத்துலயே மாடி வீடு. வந்த இன்ஜினியரம்மா தங்கமான பொண்ணு. தரையில உக்காந்து வரைபடத்தை விரிச்சு, "எது வேணும்னாலும் கேளுங்க, இப்பவே மாத்திடலாம்"னு சொல்லுச்சு. ஒரு அக்கா, "மீன் கழுவ ஒரு தொட்டி வேணும்மா"ன்னுச்சு. போட்டாச்சு. இன்னொருத்தர், "சாமி படத்துக்கு ஒரு மாடம்?" அதுவும் போட்டாச்சு. இப்படி நம்ம பேச்சைக் கேக்குற ஆளு லேசுல கிடைக்குமா?

எத்திராஜ் அந்த வரைபடத்தையே பார்த்துக்கிட்டு நின்னான். போன வாரம்தான் பக்கத்துக் குடிசைப் பெரியவரைத் தோள்ல சுமந்து சுடுகாடு போய் வந்தவன். அந்த நெனப்புல அவனுக்கு ஒரு சந்தேகம். மூணு மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டோ சட்டு சட்டுன்னு திரும்புது. இதுல ஒரு ஆளைப் படுத்த வாக்குல எப்படி இறக்குறது?

"மேடம்... இந்தப் படிக்கட்டுல, யாருக்காவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா..."

நறுக்குன்னு ஒரு கிள்ளு! தேசம்மா. "வாயைக் கழுவுடா! பால் காய்ச்சப் போற வூட்டுக்கு இன்னா பேச்சு பேசுற?" சுத்தி நின்னவங்களும், "ஆமாப்பா, நல்ல காரியம் பேசுறப்ப எதுக்கு அது?"ன்னாங்க.

இன்ஜினியரம்மா விடல. "படிக்கட்டுக்கு என்னண்ணே? சொல்லுங்க."

எத்திராஜ் அம்மா மூஞ்சியைப் பார்த்தான்... கூட்டத்தைப் பார்த்தான்... "ஒண்ணுமில்ல மேடம். அழகா இருக்கு."

சிரிக்கிறீங்க. நானும் இதை முதல்ல கேட்டப்போ சிரிச்சேன்.

வீடு வந்துச்சு. மூணாவது மாடி. தேசம்மா கையாலயே பால் காய்ச்சினாங்க. மறு வருஷம் ஆடியில, அந்தக் கட்டடத்துலயே முதல் சாவு... தேசம்மாதான்.

ஐஸ் பெட்டி வந்துச்சு, மேல ஏத்துறப்ப முதல் திருப்பத்துலயே இடிச்சு நின்னுடுச்சு. சரி, பாடையிலயே இறக்கலாம்னு பார்த்தாங்க. மேல இருந்து ஒருத்தன், "சாய்ச்சுப் பிடிங்கடா!"ங்கிறான். கீழ இருந்து ஒருத்தன், "சாய்க்காத, அம்மா சரியுறாங்க!"ங்கிறான். எத்திராஜ், "விடுங்க... விடுங்கடா..."ன்னு சுவத்துல முட்டிக்கிட்டு அழுதான்.

கடைசியில என்ன பண்ணாங்க தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் சேர். அதுல அந்த அம்மாவை உக்கார வெச்சு, அவங்க சேலையாலயே இடுப்போட சேர்த்துக் கட்டி... மூட்டை இறக்குற மாதிரி இறக்கினாங்க. தலை ஆடிக்கிட்டே வந்துச்சாம். மகாராணி மாதிரி போகணும்னு சொன்ன அம்மா!

பக்கத்துல அடுத்த கட்டடத்து வேலையில இருந்த இன்ஜினியரம்மா மாலையோட ஓடி வந்துச்சு. சேரைப் பார்த்துச்சு. எத்திராஜ் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே... இதைத்தானே அன்னைக்குக் கேக்க வந்தீங்க? திருப்பத்தை அகலமாப் போட்டிருப்பேனேண்ணே... அன்னைக்கு அது படத்துல வெறும் கோடுதானே!"ன்னு அழுதுச்சு.

யாரைக் குத்தம் சொல்லுவீங்க? பணம் வந்துச்சு, சிமென்ட்டும் நல்ல சிமென்ட்தான். கேக்க வந்தவளும் மனசாரத்தான் கேட்டா. நாமதான் அபசகுனம்னு வாயை மூடிக்கிட்டோம். அம்மா மேல இருந்த பாசத்துல ஒரு மகன் மூடிக்கிட்டான், அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அரசாங்கம் நமக்கு ஒரு தடவைதான் வீடு கட்டும். நம்ம புள்ளைங்க, அவங்க புள்ளைங்க எல்லாம் அதுலதான் பொறக்கணும், அதுலருந்துதான் போகணும். அதனால நாளைக்குக் கேளுங்க. நடக்க முடியாதவங்க எப்படி ஏறுவாங்கன்னு கேளுங்க. பிரசவ வலி வந்தா எப்படி இறக்குறதுன்னு கேளுங்க. சாவையும் கேளுங்க, வெக்கப்படாம கேளுங்க. பக்கத்துல யாராவது கிள்ளினா, கிள்ளுற கையைப் பிடிச்சுக்கிட்டே கேளுங்க.

தயவுசெஞ்சு... "அழகா இருக்கு மேடம்"னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க.