இரண்டாம் பாகம் நன்றாக வந்த விதம்

பொதுவாக எனக்கு இரண்டாம் பாகங்கள் பிடிப்பதில்லை. முதல் பாகத்துக்குக் கிடைத்த கைதட்டலில் எழுதுகிறவருக்குத் தலைக்கனம் ஏறிவிடும். அரைத்த மாவையே அரைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தருவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறேன் ஐயா, நான் பார்க்காத இரண்டாம் பாகமா? ஆனால் இந்த ஒன்று அப்படியில்லை. உங்கள் மேஜையிலும் ஒரு பிரதி கிடக்கிறது, நடுவில் ஒரு பக்கத்தின் முனையை மடக்கி வைத்திருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் பேசுவது சுலபம்.

முதல் பாகம் சுமார்தான். வேலையை விட்ட ஒரு துப்பறிவாளர், அவர் வீட்டுக்குப் பூட்டு மாற்ற வருகிற பூட்டுக்காரன், இருவருக்கும் காதல், நடுவில் ஒரு கொலை. இரண்டு ஆண்கள் காதலிக்கிற கதையை யார் வாங்குவார்கள் என்று முதலாளி முகத்தைச் சுளித்தார். விற்றதும் சுளித்த முகம் தானாக நேரானது. என் குறை வேறு. கதையில் எல்லோரும் ரொம்ப சௌக்கியமாக இருந்தார்கள். எழுத்தாளரே அப்போது சௌக்கியமாகத்தான் இருந்தார். தன்னோடு ஒரே வீட்டில் இருந்த டிராயிங் மாஸ்டரை ‘நண்பர்’ என்று எங்களுக்கு அறிமுகம் செய்திருந்தார். அட்டைப்படம் விஷயமாக ஒருநாள் இருவரும் வந்தார்கள். எழுத்தாளர் தும்மினார். மாஸ்டர் பேச்சை நிறுத்தாமலே கைக்குட்டையை எடுத்து நீட்டினார். நண்பர்கள் அப்படி நீட்டமாட்டார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை, பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது. ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறவருக்கு மர்மக்கதை வராது.

இரண்டாம் பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களில் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. துப்பறிவாளரும் பூட்டுக்காரனும் திரைச்சீலைக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம்தான் மாஸ்டர் காணாமல் போனார். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்து ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. போன் அணைந்துவிட்டது. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் வந்தது. எழுத்தாளர் அங்கே போய் ஊர் விலாசம் கேட்டதற்கு, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்களாம். விலாசம் வாங்காமலே திரும்பினார். அடுத்த வாரமே வீட்டுக்காரர் அவரை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

நாலாம் அத்தியாயத்தில் பூட்டுக்காரன் காணாமல் போனான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆபீஸுக்கு வருகிற வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படித்து, வசவுகளை எடுத்துவிட்டு, மீதியை எழுத்தாளர்களிடம் கொடுப்பதும் என் வேலைதான். மாஸ்டரின் முதல் கடிதம் அந்தக் கடிதக் கட்டோடுதான் வந்தது. வீட்டில் மாடி அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. உன்னை அந்த வீட்டிலிருந்து கிளப்பிவிட்டதாக அண்ணன் பெருமையடிக்கிறான். உன் எண் மனப்பாடமில்லை. உன் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் விலாசம் ஒன்றுதான் கையில் இருக்கிறது. தங்கச்சி திருட்டுத்தனமாகத் தபாலில் போடுகிறாள். கீழே ஊர், தெரு, வீட்டு எண்.

கொடுத்துவிடத்தான் எழுந்தேன். அந்த நேரம் பார்த்து ஐந்தாம் அத்தியாயம் மேஜைக்கு வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வருவான், வைத்துவிட்டுப் போனவன் வரமாட்டான் என்று துப்பறிவாளர் பதினாறு பக்கம் அந்த வீட்டில் சாவியைத் தேடுகிறார். அப்படி ஒரு தேடலை நான் படித்ததே இல்லை ஐயா. கையெழுத்துப் பிரதியில் அங்கங்கே நனைந்திருந்தது. விலாசம் கிடைத்துவிட்டால் இந்த மனுஷன் பேனாவைப் போட்டுவிட்டு ரயிலேறிவிடுவார், பிறகு மறுபடியும் திரைச்சீலைதான். கடிதத்தை டிராயரில் வைத்தேன். தொலைக்கவில்லை, கிழிக்கவில்லை. அத்தியாயங்கள் முடிந்ததும் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன்.

திங்கட்கிழமைதோறும் வருவார். ஆள் பாதியாகியிருந்தார். என் மேஜை ஓரத்தில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

“சார், எனக்கு ஏதாவது லெட்டர் வந்துச்சா?”

“நாலு வந்திருக்கு சார். எல்லாம் முதல் பாகம் படிச்ச வாசகர்கள்தான். பூட்டுக்காரனுக்கு என்ன ஆச்சுன்னு தவிக்கிறது நான்தான்.”

“எனக்கே தெரியலையே சார்” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும். ஆனால் அந்த வாரத்து அத்தியாயம் பிரமாதமாக இருக்கும்.

கதை எங்காவது தடைப்பட்டால் சும்மா விடவில்லை, நானும் கைகொடுத்தேன். பூட்டுக்காரனை ஒரு மாடி அறையில் அடைத்து வைக்கலாமே என்றேன். தான் இன்னும் பணியவில்லை என்று கீழே இருக்கும் தங்கைக்குத் தெரிவிக்க, சட்டையிலிருந்து நாளுக்கு ஒரு பட்டனைப் பிய்த்து ஜன்னல் வழியாகப் போடட்டுமே என்றேன். இது மாஸ்டரின் மூன்றாவது கடிதத்தில் இருந்தது. எழுத்தாளர் அதைக் குறித்துக்கொண்டார். உங்களுக்கு எப்படி சார் இதெல்லாம் தோன்றுகிறது என்று கேட்டார். அனுபவம் என்றேன். ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு முதலாளியே மூக்கைச் சிந்தினார்.

ஆறாவது கடிதம் சின்னது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு நிறையக் கூட்டம் இருக்கும், அன்றைக்குத்தான் அறையைத் திறந்துவிடுவார்கள். பின்வாசல் சாவி தங்கச்சியிடம் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு ஒரு வண்டியோடு வந்து நில். நீ வராவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீங்கள் கேட்கப்போவது புரிகிறது. அன்றைக்கு மூன்று மணிக்கு நான் என் நாற்காலியில்தான் இருந்தேன். கடைசி அத்தியாயத்தின் அச்சுப்படி முன்னால் இருந்தது. பின்வாசல் யோசனையும் நான் கொடுத்ததுதான். துப்பறிவாளர் வண்டியை நிறுத்துகிறார், கதவு திறக்கிறது, பட்டனே இல்லாத சட்டையோடு பூட்டுக்காரன் நிற்கிறான். வாய்விட்டு அழுதேன். அக்கவுண்டன்ட் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு புத்தகம் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

மாஸ்டர் பின்வாசலில் நாலு மணிவரை நின்றாராம். பிறகு மாடிக்குப் போனாராம். மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்துவிட்டதாக வீட்டார் சொல்கிறார்கள். தெரியாத விஷயத்தில் நான் அபிப்பிராயம் சொல்வதில்லை.

புத்தகம் வந்த மூன்றாம் வாரம், வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட எழுத்தாளர் ஆபீஸுக்கு வந்திருந்தார். வரிசையில் நின்ற ஒரு பெண் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். கையெழுத்து வேண்டாம் என்றாள்.

“இந்தப் பட்டனைக் கீழ நின்னு பொறுக்குனது நான். வெளியில யாருக்கும் தெரியாது. ஆறு லெட்டர் இங்க போட்டேன். நீங்க ஏன் வரல?”

பட்டன் யோசனை யாருடையது என்பது எழுத்தாளருக்கு நினைவு வந்தது. எழுந்து போய் ஒன்பதாம் அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தார். அதில் அவர் பத்துப் பட்டன் என்று எழுதியிருந்ததை நான் சிவப்பு மையில் அடித்து ஒன்பது என்று போட்டு, ‘முன்னால் ஏழு, கைகளில் இரண்டு. பத்தாம் நாள் போட ஒன்றுமில்லாமல் அழுகிறான்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் விரலை வைத்தாள். அழுதது அவளுக்குத் தெரியும், பத்தாம் நாள் என்பதும் தெரியும். ஒரு பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது. அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

யாரும் கேட்பதற்கு முன்னால் டிராயரைத் திறந்து, ஆறு கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கி எழுத்தாளரிடம் நானே கொடுத்தேன். கொடுப்பதாகத்தானே வைத்திருந்தேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முதல் கடிதத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் எழுதிக்கொண்டதில் நாலு எழுத்துப்பிழை இருந்தது, திருத்திவிட்டேன். கடிதங்களை மறைத்தது நான்தான், எல்லாம் தெரிந்தே செய்தேன், அதில் வழக்காட ஒன்றுமில்லை. ஆனால் கல்நெஞ்சக்காரன் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். நீங்கள் இன்னும் பாதியில்தான் இருக்கிறீர்கள், முழுக்கப் படித்தால் புரியும். அவர்கள் இரண்டு பேரும் ஒன்று சேரவேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவன் யாரும் கிடையாது ஐயா.