எலியான் பெர்த்தோ வரைந்த நாற்பது படங்கள்

தலைவர் றெமிஜியஸ் அவர்களே, பிரான்சிலிருந்து வந்திருக்கும், மறைந்த எலியான் அம்மையாரின் தங்கை ஜூலி அவர்களே, வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் கூடியிருக்கும் உறவுகளே, வணக்கம்.

குலசிங்கமாகிய என்னைப் புகழுரை ஆற்ற அழைத்தீர்கள். பேராசிரியர் எலியான் பெர்த்தோ அம்மையாரைப் புகழும் தகுதி எனக்கு இருக்கிறதா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒரு மரம் எந்த இடம் வரை வளர்கிறது, அதற்கப்பால் ஏன் வளர்வதில்லை? இந்தக் கேள்வியோடு 1978இல் மன்னாரில் வந்து இறங்கியவர் அவர். மூன்று ஆண்டுகள் வன்னிக் காட்டை நடந்தே அளந்தார். காய்ச்சல் வந்தது, நடந்தார். பாம்பு தீண்டியது, எழுந்து நடந்தார். உதவி விரிவுரையாளனாகக் கூடப் போன நான் பாதி நாட்கள் முகாமில் படுத்துக்கிடந்தேன். பின்னர் அகதியாக இந்த நாட்டுக்கு, இங்கே பார்க்டேலுக்கு வந்தபோது, என் அகதி விசாரணைக்குக் கடிதம் தந்தவரும் அப்போது இங்கே பேராசிரியராக இருந்த அவரே.

அவருக்கு நான் என்ன செய்தேன்?

என் 'வன்னித் தாவரங்கள்' நூலை இதே மண்டபத்தில் வெளியிட்டோம். அதில் நாற்பது வரைபடங்கள். சபையில் இருந்த மாணவி அட்சயா எழுந்து கேட்டார்: "அங்கிள், உந்த மேப் எல்லாம் ஆர் கீறினது?"

"நான்தான் பிள்ளை," என்றேன்.

நாற்பதும் அம்மையார் கீறியவை. அவர் கடைசி வரிசையில் இருந்தார். மன்னாரில் தமிழ் கற்றவர்; என் பதில் அவருக்கு விளங்கியது. கூட்டம் கலைந்ததும் அருகே வந்தார்.

"குலசிங்கம், பதினாலாவது படத்திலை பாலை மரத்தின்ரை எல்லை மாங்குளத்தோடை முடியுது. மரம் அதுக்குக் கிழக்கையும் இருக்கு. அது என்ரை பிழை. திருத்திவிடுங்கோ."

அவ்வளவுதான். உழைப்புக்கு உரிமை கேட்காதவர், பிழைக்கு மட்டும் உரிமை கேட்டார். நான் "ஓம்" என்று தலையை ஆட்டினேன். ஒன்பது வருடங்கள் போயின. ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோதும் மன்னிப்பு வாய்வரை வந்தது. காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது, உறவுகளே.

அந்த நூலுக்காக எனக்குத் தந்த விருதை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதிய பதிப்பு அவர் பெயரில் வரும். பதினாலாவது படத்துக்காக, தை மாதம் மாங்குளத்துக்குக் கிழக்கே நானே நடப்பேன்.

ஜூலி அம்மா, உங்கள் அக்காவிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் தரவேண்டும் என்று இல்லை. பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கும் அட்சயா, நான் பொய் சொன்னேன் என்பதை அப்படியே சொல்லு பிள்ளை. மென்மையாக்காதே.