வடிகட்டிய சூப்

முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது மேடம். பச்சைத் தண்ணீரில் போட்டு, மெல்லச் சூடேற்றி, கொதி வந்த பிறகு எட்டு நிமிடம். அப்போதுதான் ஓடு வெடிக்காது. இருபத்தாறு வருடம் மருத்துவமனைச் சமையலறையில், பத்தியச் சாப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எதைக் கொடுத்தால் புண் ஆறும், எதைக் கொடுத்தால் ஆறாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது.

என் மனைவி பஸ் கண்டக்டர். இருபத்தொன்பது வருடம் ஓடுகிற வண்டியில் நின்றபடியே கழித்தவள். அவளிடம் ஊரே பேசும். யார் பெண்ணுக்கு வரன் தகைந்தது, யார் வீட்டில் பிரசவம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். "அப்புறம் பேசலாங்க" என்று படுத்துவிடுவாள். பேச்செல்லாம் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் சத்தம் என்று சொல்ல என் குக்கர் மட்டும்தான்.

வலது முழங்கால் தேய்ந்துபோய் மூட்டு மாற்றினார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். "டிக்கெட் எடுக்காம வர்றேன், இறக்கி விட்டுடாதீங்கப்பா" என்று அவர்களைச் சிரிக்க வைத்தாள்.

உணவு ஆலோசகர் கொடுத்த தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். காலையில் இரண்டு முட்டை, பதினோரு மணிக்குப் புரதப் பொடி கலந்த பால், மதியம் மீனோ பருப்போ, சாயங்காலம் சுண்டல், இரவு கோழி. அவளுக்குச் சர்க்கரை வியாதி இருந்ததால் மாவுச்சத்தும் இனிப்பும் குறைவு. முதல் பன்னிரண்டு நாள் அந்தத் தாளில் இருந்ததை அப்படியே செய்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வந்துவிட்டாள். உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண், "ஆன்ட்டி, இன்னும் ஒரு மாசத்துல நீங்க படியே இறங்கிடுவீங்க" என்றாள்.

பதின்மூன்றாம் நாள் காலை, முட்டைத் தட்டோடு அறைப் பக்கம் போனேன். அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "கால் மட்டும் சரியாகட்டும்க்கா, அங்கேயே வந்துடறேன். இந்த வீட்ல இனிமே என்னால முடியாது."

கோபமில்லை, அழுகையுமில்லை. அடுத்த நிறுத்தத்தின் பேரைச் சொல்கிற குரல். நான் தட்டைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். முட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, அரிசிக் கஞ்சியில் வெல்லம் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"முட்டை இல்லையா?"

"இந்த மாத்திரைக்கு முட்டை ஒத்துக்காது. வாயு பிடிச்சுக்கும்."

"உங்களுக்குத் தெரியாததா" என்று குடித்தாள்.

அவ்வளவுதான் மேடம். கையை ஓங்கவில்லை, விஷம் வைக்கவில்லை. கோழியை வேகவைத்து, கறியை எடுத்துவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி, மிளகு தூவிக் கொடுத்தேன். மணமாக இருக்கும், உடம்பில் ஒட்டாது. கறியை நான் தின்னவில்லை. அது நியாயமில்லை என்று பட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பூனை இருந்தது, அதற்குப் போட்டேன். பூனை நன்றாகத் தேறியது. புரதப் பொடி டப்பாவில் சோள மாவும் சர்க்கரையும் கலந்து வைத்தேன். ஃப்ரிட்ஜ் தாளில் மட்டும் வேளாவேளைக்கு டிக் போட்டுவந்தேன்.

மூன்றாவது வாரம் தையலின் கீழ் ஓரம் கசிந்தது. நானே துடைத்துக் கட்டுப்போட்டேன். தொடைச் சதை வற்றியது. உடற்பயிற்சிப் பெண் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி சரியா சாப்பிடறாங்களா சார்?" என்று கேட்டாள். தாளைக் காட்டினேன். "எங்க வீட்ல யாரும் இப்படி கவனிக்க மாட்டாங்க" என்றாள். இனி வர வேண்டாம், நானே பயிற்சி கொடுத்துக்கொள்கிறேன் என்று அந்த வாரமே அவளை நிறுத்தினேன்.

அந்த நாட்களைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும். அவள் என்னோடு பேச ஆரம்பித்திருந்தாள். நாள் முழுக்கப் பேசினாள். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். பாத்ரூமுக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொள்வாள். முழுப் பாரமும் என் மேல் இருக்கும். அந்தப் பாரம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தது. எனக்குத் தெரியும்.

ஏழாவது வாரம் குளிர்காய்ச்சல் வந்து நினைவு தப்பியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். புதிதாக வைத்த மூட்டு வரை சீழ் ஏறியிருந்தது. வைத்த மூட்டைத் திரும்ப வெளியே எடுத்தார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் நான் கொண்டுபோயிருந்த ஃப்ரிட்ஜ் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இந்தத் தாள்ல இருக்கிறதை சாப்பிட்ட உடம்பு இல்லை இது." உங்களுக்குத் தகவல் கொடுத்தது அவராகத்தான் இருக்கும். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தன் வேலையைச் செய்தார்.

நடுவில் ஒருநாள் அவளுக்கு நினைவு தெளிந்தது. என் கையைத் தேடிப் பிடித்து, "உங்களைத்தான் ரொம்பப் படுத்திட்டேன், இல்ல?" என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். அதற்கு மூன்றாம் நாள் முற்பகல் போய்விட்டாள்.

அவள் அக்கா வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எங்க தெருவுல தரைத்தள வீடு பார்க்கச் சொன்னா. மாடி ஏற இனி முடியாது, அவருக்கும் வயசாகுதுன்னா. நடக்க ஆரம்பிச்சப்புறம் உங்ககிட்ட சொல்றேன்னு இருந்தா. முன்பணம்கூட குடுத்தாச்சு."

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அது முன்பே தெரிந்திருந்தால் செய்திருப்பீர்களா என்று கேட்டீர்கள். நேற்று முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாம் நாள் தெரிந்திருந்தால், தட்டைத் திருப்பிக் கொண்டுபோயிருக்க மாட்டேன். ஆனால் நாலாவது வாரம் தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்றால், மாட்டேன். அந்த வீட்டிலும் வாசல் இருக்கும், வாசலுக்கு வெளியே பஸ் ஓடும். அவள் மறுபடியும் ஊரோடு பேசப் போயிருப்பாள்.

என் மனைவியைக் கொன்றது நான்தான் மேடம். ஒரே நாளில் இல்லை, ஒரு வேளை விடாமல், என் கையாலேயே ஊட்டிக் கொன்றேன். அதை நீங்கள் எழுதுகிறபடி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கடைசி வாரங்களில் என்னைப்போல் அவளை யாரும் கவனித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.