தோண்டாமல் பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர்

மேசை மணியின் மீது ஒரு விரலை வைத்துக்கொண்டே என்னை வாழ்த்தி வரவேற்ற தலைவர் அவர்களே! பள்ளிக் குழுவின் பெரியோர்களே! மழலையர் வகுப்பின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் முகவாயைத் தொட, முனகாமல் அமர்ந்திருக்கும் தந்தையரே! களிமண் படிந்த சீருடைகளைத் துவைத்துத் துவைத்துக் கை சலித்து, இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்ட வந்திருக்கும் தாய்மார்களே! உட்காரச் சொன்னாலும் உட்காராமல் கதவோரம் நிற்கும் ஆயா அம்மாவே! அனைவருக்கும் என் வணக்கம்.

நாற்காலிகள் கிறீச்சிடுவது கேட்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன். ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். தினமும் பத்து மணிக்குப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி, மண் பிசைந்து, விதை போட்டுக் கற்கிறார்களே, அந்தச் செய்முறை நேரம் தொடரலாமா? அல்லது நாளையிலிருந்து அதை எடுத்துவிட்டு எழுத்து நோட்டைக் கொடுக்கலாமா? இதுதான் கேள்வி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் தெரியுமா? இந்தக் கூட்டம் கூடுவதற்குக் காரணமே நான்தான்.

ஆம், நானேதான்! முப்பத்தோரு ஆண்டுகளாக நிருபராக இருக்கிறேன். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை இந்த வகுப்புக்குள் வந்தேன். அரை மணி நேரம் நின்றேன். என்ன கண்டேன்? கவிழ்ந்த ஜாடியைக் கண்டேன். கண்ணீர் விடும் இருவரைக் கண்டேன். தலைமுடியில் களிமண்ணோடு ஒருவனைக் கண்டேன். போனேன், எழுதினேன்: ‘மழலையர் வகுப்பில் பாடம் எங்கே?’ தரையில் தண்ணீர் ஓடும் படத்தையும் போட்டேன். புதன்கிழமை காலையில் தலைமை ஆசிரியையின் அறை வாசலில் பதினோரு தந்தையர் வரிசையில் நின்றார்கள்.

முதலில் நின்றவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். பேருந்து ஓட்டுநர். ஐயா, நீங்கள் சொன்னதைச் சொல்லட்டுமா? தலையாட்டுகிறார். “சேத்துல கைய வைக்கத்தான் பிள்ளைய அனுப்புறோமா? அத வீட்டு வாசல்லயே செய்யுமே!”

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், அன்றைக்கு நானும் தட்டியிருப்பேன்.

அன்று மாலை வகுப்பு ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மறுப்பு கேட்பார், மன்னிப்பு கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “சார், அரை மணி நேரம் வந்தீங்க. நாளைக்கு விதை போடுறோம். முளைக்கிற வரைக்கும் வந்து உக்காருங்களேன்.”

ஒன்பது நாட்கள் உட்கார்ந்தேன், இதோ நீங்கள் இப்போது அவதிப்படும் இதே நாற்காலியில்! இனி நான் சொல்வதெல்லாம் என் குறிப்பேட்டில் உள்ளவை.

முதல் நாள். இருபத்து நான்கு காகிதக் கப்புகள், ஈரப் பஞ்சு, கப்புக்கு ஓர் அவரை விதை, ஒவ்வொன்றிலும் பிள்ளையின் படம். அந்த இருபத்து நான்கு பேரில் ஒருத்தியை ஆயா அம்மா ‘வாலு’ என்று அழைக்கிறார். ஓட்டுநர் ஐயாவின் மகள். இரண்டாம் நாளே அவள் பஞ்சைப் பிரித்து விதையை வெளியே எடுத்தாள்.

“மிஸ், இவ நோண்டுறா!” வகுப்பே கத்தியது.

ஆசிரியை அதட்டுவார் என்று பேனாவைத் திறந்தேன். அவர் கேட்டார்: “எடுத்தியே, என்ன பாத்த?”

“குண்டாயிருச்சு மிஸ்.”

மூன்றாம் நாளும் எடுத்தாள். “சட்ட கிழிஞ்சிருச்சு” என்றாள், விதைத் தோலைக் காட்டி. நான்காம் நாளும் எடுத்தாள். “மிஸ்! மூக்கு வந்திருச்சு! வெள்ள மூக்கு!”

குறித்துக்கொள்ளுங்கள் பெரியோர்களே! விதையிலிருந்து முதலில் வருவது இலையா, வேரா? கை தூக்குங்கள் பார்ப்போம். யாரும் தூக்கவில்லையே! எனக்கும் தெரியாது. நாலரை வயது வாலுக்குத் தெரிந்தது. மற்ற இருபத்து மூன்று பேருக்கும் பஞ்சு மட்டுமே தெரிந்த நாளில் அவளுக்கு வேர் தெரிந்தது!

ஆனால் ஐந்தாம் நாள் எடுத்தபோது அந்த மூக்கு ஒடிந்தது. ஆறாம் நாள் எல்லாக் கப்புகளிலும் பச்சை எட்டிப் பார்த்தது. அவள் விதை மட்டும் அழுகியிருந்தது.

இனிச் சொல்வதை ஆயா அம்மாவின் அனுமதியோடு சொல்கிறேன். ‘ஏற்கெனவே கோபத்தில் இருக்கிற அப்பா, பெண்ணின் விதை அழுகியதைப் பார்த்தால் என்ன ஆகும்? ஆசிரியையின் நிலை என்ன ஆகும்?’ அந்தத் தவிப்பில், பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், ஆசிரியை உபரியாகப் போட்டிருந்த கப்பில் முளைத்த ஒன்றை எடுத்து அவள் கப்பில் வைத்துவிட்டார். கெட்ட எண்ணமா? இல்லை. பாசம்! பதற்றம் கலந்த பாசம்!

ஏழாம் நாள் வாலு வந்தாள். கப்பைப் பார்த்தாள்.

“இது என்னுது இல்ல.”

“உன்னுதுதான்டி தங்கம். உன் படம் ஒட்டியிருக்கு பாரு” என்றார் ஆயா அம்மா.

“படம் என்னுது. செடி என்னுது இல்ல. என்னுது மூக்கு ஒடஞ்சிருந்துச்சு.”

சிரிக்கிறீர்கள். அன்று அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஆயா அம்மா ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை என்னைப் பார்த்தார். எழுதக் காத்திருக்கிறான் ஒரு நிருபன், எரியக் காத்திருக்கிறது ஒரு தலைப்பு. ஒரு சின்னப் பொய் போதும், அத்தனையும் அடங்கிவிடும். ஆசிரியை மண்டியிட்டு உட்கார்ந்தார். “ஆமாடா. உன்னுது செத்துப்போச்சு. இது வேற.”

ஏழு நிமிடம் அழுதாள். கடிகாரம் பார்த்துக் குறித்திருக்கிறேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “வேற விதை குடுங்க” என்றாள்.

“மறுபடியும் தோண்டுவியா?”

யோசித்தாள். “தோண்டாம பாக்கணும் மிஸ்.”

“எப்படி?”

அறையைச் சுற்றினாள். தண்ணீர் மேசையில், ஊற்றி விளையாட வைத்திருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து வந்தாள். கண்ணாடியை ஒட்டி விதையை வைத்தாள். அது விழாமல் உள்ளே பஞ்சை அடைத்தாள். “இப்ப தெரியுது” என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லை! எந்த நோட்டில் இருந்தது? எந்த நோட்டிலும் இல்லை! ஒடிந்த அந்த மூக்கல்லவா சொல்லிக் கொடுத்தது!

ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். நான் ஆக்கவும் பொறுக்காதவன். அரை மணியில் தோண்டி எடுத்து, அச்சில் ஏற்றி, ஊருக்கே காட்டினேன். அவள் தோண்டியதில் ஒரு விதை போனது. நான் தோண்டியதில் ஒரு வகுப்பே போகப் பார்க்கிறது.

தலைவர் மணியடிக்கிறார். இரண்டே நிமிடம், ஐயா!

அந்த டம்ளர் இதோ, உங்கள் இடப்பக்க ஜன்னலில்தான் இருக்கிறது. இன்று அதற்கு மூன்றாம் நாள்… ஐயா, ஓட்டுநர் ஐயா, எழுந்துவிட்டீர்களே! என்ன கேட்கிறீர்கள்? “பேச்சு இருக்கட்டும் சார், மொளச்சிருச்சா இல்லையா?” என்கிறார். போய்ப் பாருங்கள், தாராளமாகப் பாருங்கள்! வழிவிடுங்கள் அம்மா… யாரது பின்னால் குரல் கொடுப்பது? “அண்ணே, நோண்டிராதீங்க!” என்கிறார் ஒரு தாய். கூடமே சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிகிறார். இருபது ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்த கைகள், ஒரு டம்ளரைத் தொடாமல் நிற்கின்றன!

என்ன ஐயா தெரிகிறது?

“சட்ட கிழிஞ்சிருக்கு. மூக்கு இன்னும் வரல.”

கேட்டீர்களா? இன்னும் வரவில்லை. நாளை வரலாம், மறுநாள் வரலாம், வராமலும் போகலாம். பத்து மணிக்கு வந்து பார்க்க அவளுக்கு அந்த நேரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் டம்ளர் அலமாரிக்குள் போகும். நோட்டு மேசைக்கு வரும். நான் கேட்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்!

என் கட்டுரைக்குத் திருத்தம் எழுதி முடித்துவிட்டேன். கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அதை எழுத வேண்டியவன் நானல்ல. அவள் பார்த்துச் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன்.

ஐயா, நீங்கள் இருக்கைக்குத் திரும்பலாம்… நிற்கிறீர்களா? இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டுமா? பாருங்கள். அங்கிருந்தும் கை தூக்கலாம்.

மணியடித்த பிறகும் என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், வலிக்கும் முழங்கால்களோடு கேட்ட உங்களுக்கும், என்னை உட்கார வைத்த ஆசிரியைக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.